மூன்றாவது டிரம்

அக்டோபரில் நான் யாருக்கும் கை கொடுப்பதில்லை.
அக்ரூட்டின் பச்சைத் தோல் ஏற்றிய கறுப்பு
சோப்புக்கும் பெட்ரோலுக்கும் அசையாது.
நகம் புதிதாய் முளைத்தால்தான் போகும்,
அதற்குள் பனி விழுந்துவிடும்.

பருப்பு முழுசாய் வந்தால் ஒரு கூலி,
உடைந்தால் பாதிக் கூலி,
ஓட்டுக்கு விலை கிடையாது.
ஓடு அடுப்புக்கு.
ஜலாலாபாதிலிருந்து நூர்ஜாதா வந்து
பருப்பைத் தொடாமல்
ஓட்டை மூட்டையாய்க் கேட்கும்வரை
அப்படித்தான் இருந்தது.

ஆற்றுக்கு மேலே, சரிவில்,
சோவியத் காலத்து மண்மேடு ஒன்று இருக்கிறது.
யுரேனியம் எடுத்தது போக மிச்சம்.
மஞ்சள் முக்கோணப் பலகையும் இருந்தது.
அதை யாரோ கழற்றிக்
கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள்.
அபாயம் என்று
இப்போது கோழிகளுக்கு மட்டும் தெரியும்.

தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
நாற்றமில்லை, கலங்கலில்லை.
தேநீர் நன்றாகவே இருந்தது.
நூர்ஜாதாவின் தாளில்தான் அது
தொண்ணூற்றிரண்டாய் இருந்தது.
முப்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.

எரிக்காதே, வேக வை என்றாள்.
சின்ன டிரம்முக்குள் ஓடு,
பெரிய டிரம்முக்குள் சின்ன டிரம்,
நடுவில் விறகு, மூடியில் களிமண்.
முதல் தடவை சாம்பல்.
இரண்டாம் தடவை பாதி பழுப்பு.
மூன்றாம் தடவை
துளையில் வந்த புகை தானே தீப்பிடித்து நின்று எரிந்தது.
காலையில் கொட்டினேன்:
கண்ணாடிச் சில்லு போல் கிணுங்கியது.

'பாத்மா காசைக் கரியாக்குகிறாள்,'
என்றான் தோய்ச்சுபெக்.
ஓட்டுக்கு ஏதடா காசு?

பள்ளிக்கூடத்து நீலப் பீப்பாயில்
கூழாங்கல், மணல், கரி, மறுபடி மணல்.
முதல் மூன்று வாளி மையாய் வந்தது,
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
நான்காவதில் வாளியின் அடி தெரிந்தது.
தாளில் பதினொன்று.
இரண்டு மாதம் பதினொன்று.
அப்புறம் பதினாறு. அப்புறம் இருபத்தேழு.

நிரம்பிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள்.
பழையதை என்ன செய்ய?
அடுப்பில் போட்டால் புகைபோக்கி வழியாய் ஊருக்கே போகும்.
தோட்டத்தில் போட்டால் உருளைக்கிழங்குக்கு.
நூர்ஜாதா பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
பிஷ்கெக்குக்கு எழுதுகிறேன் என்றாள்.

எழுதினாள். பதில் வரும்வரை
என் குதிரைக் கொட்டிலில் வைக்கச் சொன்னாள்.
குதிரை வெளியே நின்றது.
ஒரு டிரம். இரண்டு டிரம்.
பள்ளத்தாக்கு முழுக்கச் சொட்டுச் சொட்டாய்க் குடித்ததெல்லாம்
ஓர் இடத்தில், என் பூட்டுக்குள்.
மூன்றாவதுக்குப் பூட்டு இல்லை, வாங்கவில்லை.

ஏப்ரலில் தோய்ச்சுபெக் மகனுக்குக் கல்யாணம்.
காலையில் கொட்டிலில் மூன்றாவது டிரம்மின் மூடி தரையில்.
காய்ந்த கரி, ஒரு மூட்டை குறைவு.

ஓடினேன். காலணி ஒன்று சேற்றில் நின்றுவிட்டது.
முற்றத்தில் நீண்ட இரும்புத் தொட்டி, உள்ளே கரி,
கம்பியில் கோத்த ஆட்டிறைச்சி தட்டில் காத்திருக்க,
விசிறியோடு குனிந்தவன் அப்போதுதான் ஊதத் தொடங்கியிருந்தான்.
பக்கத்தில் ஒரு வாளி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்.
விருந்துக்கென்று வரிசையில் நின்று பிடித்தது.
அதைத் தூக்கி ஊற்றினேன்.

உஸ்ஸென்று எழுந்தது வெள்ளையாய்.
வாத்தியம் நின்றது.
மாப்பிள்ளையின் வெள்ளைத் தொப்பியில் சேற்றுப் புள்ளிகள்.
'சம்பந்தி முன்னால் முகத்தில் கரி பூசிவிட்டாயே,'
என்றாள் தோய்ச்சுபெக்கின் மனைவி.
இறைச்சியிலாவது பூசாமல் விட்டேனே
என்று சொல்ல மூச்சு வரவில்லை.
கடைசியில் எல்லாம் சட்டியில் வெந்தது.
என்னை உட்காரச் சொல்லவில்லை யாரும்.

பத்து நாள் பேச்சில்லை.
பதினொன்றாம் நாள் கொட்டில் பக்கம் சுத்தியல் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
வாயில் இரண்டு ஆணியோடு தோய்ச்சுபெக்
மஞ்சள் முக்கோணத்தைக் கதவில் அறைந்துகொண்டிருந்தான்.
விளிம்பெல்லாம் கோழி எச்சம்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் ஒரு பூட்டைக் கொண்டுபோய்
ஆணிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பிஷ்கெக்கிலிருந்து இன்னும் பதில் இல்லை.
நான்காவது டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
தோய்ச்சுபெக் வீட்டுக் கோழிகள்
தெருவெல்லாம் மேய்கின்றன.